சூட்ரோ பாத்ஸ்: அங்க நிக்கிறவங்க எல்லாரும் கேக்குற கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோவுக்கு ஊர்ல இருந்து யார் வந்தாலும் கோல்டன் கேட் பிரிட்ஜ் பாத்து முடிச்ச கையோட நான் கூட்டிட்டுப் போற இடம் சூட்ரோ பாத்ஸ்தான். ஊரோட மேற்கு ஓரம், பசிபிக் கடல் பாறைல வந்து மோதுற இடம். மேல ரோட்ல நின்னு எட்டிப் பாத்தா கீழ பள்ளத்துல இடிஞ்ச சுவர், பாசி பிடிச்ச தண்ணி, அங்கங்க துருப்பிடிச்ச இரும்பு. பத்து வருஷமா கூட்டிட்டுப் போறேன், கேள்வி மட்டும் மாறவே இல்ல. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு.

இது என்ன, பழைய கோட்டையா?

இல்லங்க. என் அம்மா முதல் தடவ பாத்தப்ப "இது என்னடா, தூந்துபோன கோயில் குளமா?"ன்னுதான் கேட்டாங்க. கோட்டைன்னு சொன்ன எல்லாரையும் விட அம்மா சொன்னதுதான் உண்மைக்குக் கிட்ட. இது குளம்தான், நீச்சல் குளம். 1896 மார்ச் 14ஆம் தேதி ஜனங்களுக்குத் திறந்துவிட்ட, கண்ணாடிக் கூரை போட்ட, கடல் தண்ணி நீச்சல் குளம். ஒண்ணு இல்ல, ஏழு குளம், எல்லாம் ஒரே கூரைக்குள்ள. நீங்க இப்ப பாக்குறது அந்தக் குளங்களோட கான்கிரீட் அடிச்சுவர் மட்டும்தான். மேல இருந்த கண்ணாடி, இரும்பு, மரம் எதுவும் மிச்சம் இல்ல.

யார் கட்டினது? கவர்மென்ட்டா?

அடால்ஃப் சூட்ரோன்னு ஒரு தனி மனுஷன். 1830ல ஜெர்மனி பக்கம் ஆகன் நகரத்துல பொறந்தவர், தங்கம் தேடி எல்லாரும் ஓடிவந்த சமயத்துல 1850ல சான் பிரான்சிஸ்கோ வந்து சேந்தார். பணம் சம்பாதிச்சது பக்கத்து நெவாடாவுல, கோம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கத்துல. ஆனா வெள்ளி வெட்டி இல்ல. அந்தச் சுரங்கத்துக்குள்ள சுடுதண்ணி ஊறி ஊறி ஆளுங்க செத்துக்கிட்டு இருந்தாங்க, மூச்சு விடக் காத்து இல்ல, இவர் மலைய அடியில குடைஞ்சு கிட்டத்தட்ட நாலு மைல் நீளத்துக்கு ஒரு டனல் போட்டு தண்ணிய வெளிய வடிய விட்டார். 1878ல அது முடிஞ்சுது, கொஞ்ச நாள்லயே தன் பங்க வித்துட்டு காசோட இங்க திரும்பி வந்து நிலமா வாங்கித் தள்ளினார். ஒரு கட்டத்துல ஊர் நிலத்துல பன்னெண்டுல ஒரு பங்கு இவர் பேர்லதான் இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. 1895ல இருந்து ரெண்டு வருஷம் ஊருக்கு மேயராவும் இருந்தார்.

எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, மலைக்குள்ள இருக்குற தண்ணிய வெளிய எடுக்க டனல் போட்ட அதே ஆள்தான் வயசான காலத்துல கடல் தண்ணிய உள்ள கொண்டுவர டனல் போட்டிருக்கார். வாழ்க்கை பூரா தண்ணியோடயே மல்லுக்கட்டின மனுஷன்.

சும்மா பெருசு பெருசுன்னு சொல்றீங்களே, எவ்ளோ பெருசு?

நீளம் கிட்டத்தட்ட 500 அடி, அகலம் 254 அடி. கூரைல போட்ட கண்ணாடி மட்டும் ஒரு லட்சம் சதுர அடி, இரும்பு 600 டன். உடுப்பு மாத்துற ரூம் 517. சுத்தி படி படியா உக்காந்து வேடிக்கை பாக்க 7,400 பேருக்கு இடம். குளத்துக்குள்ள சறுக்கி விழ 7 சறுக்கு, பிடிச்சுத் தொங்கி ஆட 30 வளையம். எல்லாக் குளத்தையும் சேத்தா சுமார் 17 லட்சம் கேலன் தண்ணி, நம்ம கணக்குல 60 லட்சம் லிட்டருக்கும் மேல. ஆறு உப்புத் தண்ணி, ஒண்ணு நல்ல தண்ணி. ஆறும் ஒவ்வொரு சூடு. ரொம்பப் பெரிய குளம் மட்டும் எல் எழுத்து மாதிரி மடிஞ்சு இருக்கும், அதுல கடல் எப்படியோ அப்படியே ஜில்லுன்னு.

கம்பளில தெச்ச நீச்சல் உடுப்பு 20,000, துண்டு 40,000 வாடகைக்கு வெச்சிருந்தாங்க. அந்தக் கம்பளி உடுப்பு ஈரமாச்சுன்னா என்ன கனம் கனக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அத தெனம் தொவைச்சுக் காய வைக்கணும், அதுவும் வெயிலே சரியா அடிக்காத இந்த ஊர்ல. இந்த விஷயத்த மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

1897ல எடிசன் கம்பெனிக்காரங்க வந்து உள்ள எடுத்த சின்னத் துண்டுப் படம் இன்னிக்கும் இருக்கு. ஆளுங்க சறுக்குல வர்றதும் தண்ணில குதிக்கறதும் ஓடும், சத்தம் கிடையாது. பாத்துட்டு அந்த இடத்துக்குப் போனா மனசு என்னவோ பண்ணும்.

கடல் தண்ணி எப்படி உள்ள வந்துச்சு? மோட்டாரா?

இதத்தான் நான் மூச்சு விடாம சொல்லுவேன், கூட வர்றவங்க "போதும்பா"ன்னு சொல்ற வரைக்கும்.

மோட்டார் இல்லாமலே வந்துச்சு, அலையே கொண்டுவந்து கொட்டிச்சு. சூட்ரோ முதல்ல நீச்சல் குளம் கட்டவே ஆரம்பிக்கல, 1887 வாக்குல பாறைக்கு நடுவுல கடல் உயிரினங்கள ஜனங்க பாக்குறதுக்கு ஒரு தொட்டி கட்டினார். ஓதம், அதாவது கடல் மட்டம் தெனம் ஏறி எறங்கறது, ஏறும்போது தண்ணி நிரம்பும், எறங்கும்போது வடியும், உள்ள மாட்டின மீனையும் நண்டையும் பக்கத்துல நின்னு பாக்கலாம். அலை மோதுற எடத்துல பாறைய வெட்டி ஒரு பிடிதொட்டி, மோதித் தெறிக்கிற தண்ணி அதுல விழுந்து, பாறைக்குள்ள குடைஞ்ச வழியா உள்ள ஓடி வரும். மணல் அடில தங்கட்டும்னு தெளிய வைக்க இன்னொரு தொட்டி. இது வேலை செய்யுதுன்னு பாத்ததுக்கு அப்புறம்தான் இதே தண்ணில ஜனங்க நீந்தினா என்னன்னு யோசனை பெருசாச்சு.

அதே வழிதான் குளத்துக்கும். ஓதம் நல்லா ஏறி இருக்கும்போது தொறந்து விட்டா ஒரே மணி நேரத்துல அத்தன குளமும் நிரம்பிடும், 17 லட்சம் கேலனும், ஒரு காசு செலவு இல்லாம. ஓதம் எறங்கி இருந்தா மட்டும் பாறைக் குகைக்குள்ள வெச்சிருந்த பம்ப ஓட்டுவாங்க, அது நிமிஷத்துக்கு 6,000 கேலன் தள்ளும், அப்பவும் நிரம்ப அஞ்சு மணி நேரம் ஆகும். அலை ஒரு மணி நேரத்துல பண்ற வேலைக்கு மிஷினுக்கு அஞ்சு மணி நேரம்.

ஆனா தண்ணி சும்மா வந்துச்சே தவிர சூடு சும்மா வரல. இங்க கடல் வருஷம் பூரா பன்னெண்டு பதிமூணு டிகிரிதான், கால வெச்சா எலும்பு வரைக்கும் ஏறும். அத கொதிகலன் வெச்சு சூடாக்கித்தான் மத்தக் குளத்துக்கு விட்டாங்க. அதுக்கு எரிபொருள், ஆள், பைப் எல்லாம் வேணும். உப்புத் தண்ணி ஓடுற இரும்பு பைப் எத்தன வருஷம் தாங்கும்? கடற்கரை ஓரம் வீடு வெச்சிருக்கற யாரையும் கேளுங்க, ஜன்னல் கம்பியக் காட்டுவாங்க.

டிக்கெட் எவ்ளோ?

உள்ள வந்து வேடிக்கை பாக்க 10 சென்ட், நீந்த 25 சென்ட், உடுப்பு துண்டு எல்லாம் அதுலயே சேத்தி.

பெரிய செலவு டிக்கெட் இல்ல, வந்து சேர்றதுதான். ஊர்லேந்து இங்க வர்ற ரயில் சதர்ன் பசிபிக் கம்பெனி கைல இருந்துச்சு, வழில ரெண்டாவது தடவ டிக்கெட் வாங்க வெச்சு அஞ்சு சென்ட் வரவேண்டிய எடத்துக்கு பத்து சென்ட் வாங்கினாங்க. அஞ்சு பேர் இருக்குற குடும்பம் போய்ட்டு வர ஒரு டாலர் ஆகும், அந்தக் காலத்துக் கூலிக்காரருக்கு அது பெரிய காசு. சூட்ரோ கேட்டுப் பாத்தார், சண்டை போட்டார், கடைசில 1896ல தானே ஒரு எலக்ட்ரிக் ரயில் லைன் போட்டு அஞ்சு சென்ட்ல ஜனங்கள கூட்டிட்டு வந்தார். குளத்துக்காக தனியா ரயிலே போட்ட ஆளு! இந்தச் சண்டைல கிடைச்ச பேர் அவர் மேயர் ஆனதுக்கு ஒரு பெரிய காரணம்.

அப்ப ஏழை பணக்காரன் எல்லாரும் வந்தாங்களா?

ஏழைங்க வந்தாங்க. எல்லாரும்னு சொல்ல முடியாது.

1897 ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்கா சுதந்திர தினம். ஜான் ஹாரிஸ்னு ஒரு கறுப்பினத்தவர், ஹோட்டல்ல சர்வரா வேலை பாத்தவர், வெள்ளைக்கார நண்பர்களோட வந்து 25 சென்ட் குடுத்து டிக்கெட் வாங்கினார். கூட வந்தவங்கள விட்டாங்க, இவர தண்ணில எறங்க விடல. உள்ள வரலாம், வேடிக்கை பாக்கலாம், ஆனா தண்ணியத் தொடக்கூடாது. அதே வருஷம்தான் கலிபோர்னியாவுல டிப்பிள் சட்டம்னு ஒண்ணு வந்திருந்துச்சு, பொது இடங்கள்ல நிறத்தப் பாத்து யாரையும் ஒதுக்கக் கூடாதுன்னு. ஹாரிஸ் அந்தச் சட்டத்த கையில எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போனார், ஊரோட பெரும் பணக்காரர், அந்த வருஷம் ஆரம்பத்துலதான் மேயர் நாற்காலிய விட்டு எறங்கினவர், அவரு மேல கேஸ். ஜெயிச்சார். 1898ல அவருக்கு 100 டாலர் குடுக்கணும்னு தீர்ப்பாச்சு.

குளத்துல யார் எறங்கலாம் யார் எறங்கக்கூடாதுங்கற சண்டை நமக்குப் புதுசா என்ன? மகாட்ல சவதார் குளத்துத் தண்ணிய அம்பேத்கர் கையில அள்ளிக் குடிச்சது 1927ல, ஹாரிஸ் இங்க டிக்கெட்டோட நின்னதுக்கு முப்பது வருஷம் கழிச்சு. சூட்ரோவ நான் நிறைய புகழுவேன், ஆனா இந்த ஒரு விஷயத்த சொல்லாம யாரையும் அங்கேந்து கூட்டிட்டு வந்ததில்ல. ரயில் கம்பெனி அஞ்சு சென்ட் அதிகம் வாங்கினதுக்கு அவ்ளோ கோபப்பட்ட மனுஷன், தன் வாசல்ல ஒருத்தர நிறத்தப் பாத்து நிறுத்தினதுக்கும் கோபப்பட்டிருக்கணும்.

தீப்பிடிச்சுத்தானே எல்லாம் அழிஞ்சுது?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்ளோவும் எழுதறேன். அங்க வர்ற பத்துல ஒம்பது பேர் இதத்தான் சொல்லுவாங்க: "பாவம், எவ்ளோ அழகான கட்டடம், எரிஞ்சே போச்சாம்." தீ வந்தது 1966ல, ஆனா நீச்சல் குளமா அது செத்து அதுக்குள்ள பல வருஷம் ஆயிருந்துச்சு.

சாகடிச்சது கணக்குதான். மேல சொன்னதெல்லாம் கூட்டிப் பாருங்க. ஒரு லட்சம் சதுர அடி கண்ணாடி, கடல் எதிர்ல, புயல் அடிச்சா மாத்தணும். உப்புக் காத்துல 600 டன் இரும்பு, பெயின்ட் அடிச்சு அடிச்சே கை ஓய்ஞ்சுடும். கொதிகலன், 20,000 உடுப்பு தொவைக்கற வேலை, காவலாள், டிக்கெட் ஆள். இதுக்கெல்லாம் வரும்படி பத்து சென்ட்டும் இருபத்தஞ்சு சென்ட்டும். தெனமும் இடம் நிரம்பினாலாவது சமாளிக்கலாம், ஆனா இந்தப் பக்கம் ஜூன் ஜூலைலதான் மூடுபனி வந்து ஒக்காரும், ஊரே ஸ்வெட்டர் போட்டிருக்கும்போது யாருக்கு நீந்தத் தோணும்? ஞாயித்துக்கிழமை வெயில் அடிச்சா ஜேஜேன்னு கூட்டம், செவ்வாய்க்கிழமை பனி பெஞ்சா குளம் காலி, ஆனா கொதிகலன் ரெண்டு நாளும்தான் எரியணும். ரொம்ப நாளைக்கு லாபத்துல ஓடவே முடியாத இடம் இது.

சூட்ரோ இருந்திருந்தா கைக்காசப் போட்டாவது ஓட்டியிருப்பார்னு நெனைக்கறேன். அவர் 1898 ஆகஸ்ட்ல போயிட்டார், திறந்து ரெண்டரை வருஷம்கூட ஆகல. சொத்து பூரா நிலமா கெடந்துச்சு, கைல ரொக்கம் இல்ல, உயில் தகராறு கோர்ட்ல வருஷக்கணக்கா இழுத்துச்சு. டாக்டருக்குப் படிச்ச மூத்த பொண்ணு எம்மா மெரிட்தான் எல்லாத்தையும் தூக்கிச் சுமந்தாங்க. 1906 பூகம்பத்துல ஊரே எரிஞ்சப்பக்கூட இந்தக் கட்டடம் நின்னுச்சு, அத சாய்க்க பூகம்பத்தால முடியல.

அப்புறம் 1925ல கொஞ்சம் தெக்கால அதே கடற்கரையோரம் ஃப்ளைஷாக்கர் குளம்னு ஒண்ணு வந்துச்சு, 1,000 அடி நீளம், அதுவும் கடல் தண்ணிதான், சூடாக்கினதுதான், ஊர் நிர்வாகமே நடத்தினது. ஜனங்க கார் வாங்க ஆரம்பிச்சு எங்க வேணா போகலாம்னு ஆச்சு. அதுக்கு மேல 1930கள்ல பொருளாதார மந்தம், ஜனங்க கைல காசில்லாத காலம். பொதுக் குளத்துத் தண்ணிக்கு சுகாதார விதியும் இறுகிக்கிட்டே வந்துச்சு. ஒவ்வொண்ணா வந்து ஒவ்வொரு செங்கல்லா உருவிச்சு.

ஐஸ் ஸ்கேட்டிங் இடம்னு வயசானவங்க சொல்றாங்களே, அது வேற இடமா?

இதே இடம்தான். 1937ல சூட்ரோவோட பேரன், அவர் பேரும் அடால்ஃப்தான், குளத்துல ஒரு பகுதிய மூடி ஐஸ் ரிங்க் ஆக்கினார். இந்த ஊர்ல எழுபது எம்பது வயசு ஆனவங்கள கேட்டா நீச்சல் யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஐஸ்ல விழுந்து முட்டி பேந்ததுதான் ஞாபகம். தாத்தா சூடாக்கக் காசு இல்லாம போன குளத்த பேரன் உறைய வெச்சுப் பாத்தார். அதுலயும் பெருசா மிச்சம் ஆகல. 1952ல ஜார்ஜ் விட்னிக்கு வித்தாச்சு, அவர்தான் பக்கத்துல ப்ளேலேண்ட்னு ராட்டினமெல்லாம் வெச்சு நடத்தினவர். 1955ல பாறைக்கு மேல கம்பில ஓடுற ஒரு சின்னத் தொங்கு வண்டிகூட விட்டாங்க. கூட்டம் வரல.

சரி, தீ எப்படி வந்துச்சு?

1964ல இடத்த வீடு கட்டி விக்கிற ஆளுங்க வாங்கினாங்க, கடல் பாத்த மாதிரி அடுக்குமாடி கட்டறதுதான் திட்டம். இடிக்க ஆரம்பிச்சு பாதில இருக்கும்போது 1966 ஜூன் 26ஆம் தேதி பத்திக்கிச்சு, மரமும் பழைய பெயின்ட்டும் நிறைஞ்ச கட்டடம், ஒரே நாள்ல முடிஞ்சுது. யாரோ வேணும்னே வெச்ச தீன்னு முடிவாச்சு. யாரு, எதுக்குன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க, அதுக்குள்ள நான் போகல. இடிச்சுக்கிட்டு இருந்த கட்டடம்தான் எரிஞ்சுது, அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. தீயே வரலன்னாலும் அடுத்த மாசம் அங்க ஒண்ணும் நின்னிருக்காது.

அடுக்குமாடி ஏன் வரல?

வரலைங்கறதுதான் நம்ம நல்ல நேரம். 1972ல கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதின்னு மத்திய அரசு கடற்கரையோரம் பெரிய பூங்கா ஆரம்பிச்சுது, பின்னாடி இந்த இடமும் அதுக்குள்ள வந்துடுச்சு. இப்ப நேஷனல் பார்க் ஆளுங்க பொறுப்புல இருக்கு.

உள்ள மம்மி எல்லாம் இருந்துச்சாமே?

ஆமா, சூட்ரோ ஊர் ஊரா போய் சேத்த சாமானெல்லாம் வெச்சு மேல ஒரு மியூசியம், பாடம் பண்ணின மிருகங்க, எகிப்து மம்மி. எகிப்து சாமான் நிறைய இன்னிக்கு சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் யுனிவர்சிட்டில பத்திரமா இருக்கு.

நீர்நாய் வந்துச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதாங்க! 2012 கடைசில ஒரு ஆத்து நீர்நாய் எங்கேந்தோ வந்து இந்த இடிஞ்ச குளத்துல குடித்தனம் வெச்சுடுச்சு. சான் பிரான்சிஸ்கோவுல ஆத்து நீர்நாய் பாத்தே பல பத்து வருஷம் ஆயிருந்துச்சு, ஊரே வந்து வேடிக்கை பாத்துச்சு, சூட்ரோ சாம்னு பேரே வெச்சாங்க. குளத்துல மீன் பிடிச்சுத் தின்னுட்டு சுவத்து மேல ஏறி ஒடம்ப நக்கி சுத்தம் பண்ணிக்கிட்டு, டிக்கெட் இல்லாம ஜாலியா நீந்துச்சு.

திரும்பக் கட்டலாமே? அமெரிக்காவுக்குக் காசா இல்ல?

நானும் முதல்ல அப்படித்தான் நெனைச்சேன். ஒரு நாள் சாயந்தரம் ஓதம் ஏறுற நேரத்துல பெரிய குளத்துச் சுவர் ஓரம் தனியா நின்னுட்டு இருந்தேன். காலடில ஒரு இரும்புத் துண்டு, ஒரு காலத்துல தூண் நட்ட அடிக்கட்டை, துரு ஏறி ஏறி பப்ஸ் மாதிரி ஏடு ஏடா பிரிஞ்சு நிக்குது, விரல் வெச்சா உதிருது. அத சுத்தி கான்கிரீட் உப்பி வெடிச்சிருக்கு. ஒரு கட்டை இந்த கதின்னா 600 டன் என்ன ஆகும்? அந்த நேரத்துல பாறைல ஒரு அலை மோதி தண்ணி தெறிச்சு உள்பக்கம் விழுந்துச்சு, சூட்ரோ பிடிதொட்டி வெட்டின அதே பக்கத்துல. கட்டடமே இல்ல, தண்ணி மட்டும் வந்துக்கிட்டேதான் இருக்கு. அன்னிலேந்து கட்டணும்னு எனக்குத் தோணினதே இல்ல. இருக்கிற சுவர் இன்னும் சரியாம பாத்துக்கிட்டாப் போதும், வந்து பாக்குறவங்க சுவத்துல பேர் கிறுக்காம இருந்தாப் போதும்.

போய்ப் பாக்க என்ன பண்ணணும்?

காசு கிடையாது, டிக்கெட் கிடையாது, யாரு வேணாலும் எறங்கலாம். டவுன்லேந்து 38 நம்பர் கியரி பஸ் பிடிச்சு கடைசி ஸ்டாப்ல எறங்கி கடல் பக்கமா நடந்தா வந்துடும். மேல லேண்ட்ஸ் எண்ட் லுக்அவுட்னு ஒரு சென்டர் இருக்கு, பழைய போட்டோவெல்லாம் மாட்டியிருப்பாங்க, முதல்ல அத பாத்துட்டு கீழ எறங்குங்க, எந்தச் சுவர் எந்தக் குளம்னு அப்பதான் புரியும். பாறைக்குள்ள ஒரு டனல் போகும், அதுக்குள்ள நின்னா அடியில அலை மோதுற சத்தம் நெஞ்சுல இடிக்கும், குழந்தைங்கள கூட்டிட்டுப் போனா கையப் பிடிச்சுக்கோங்க.

ஆகஸ்ட்னு நம்பி டீ ஷர்ட்ல போகாதீங்க, ஜாக்கெட் கட்டாயம். செருப்பு வேண்டாம், நல்லா பிடிக்கிற ஷூ போடுங்க. சுவத்து மேல நடந்து போட்டோ எடுக்கணும்னு ஆசை வரும், ஈரமா இருந்தா பாசி வழுக்கும், ஏறாதீங்க. பாறை விளிம்புக்கு மட்டும் போகவே போகாதீங்க, அலை இழுத்துட்டுப் போய் ஆளுங்க செத்திருக்காங்கன்னு அங்கயே போர்டு வெச்சிருக்காங்க, அது சும்மா பயமுறுத்த வெச்ச போர்டு இல்ல. ஓதம் எத்தன மணிக்கு ஏறும்னு கெளம்பறதுக்கு முன்னாடியே போன்ல பாத்துக்கோங்க.